'கெஷேடிக்டர்' என்றால் யார்? ஜெர்மனியில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற பெயர் ஏன் லேசில் கிடைப்பதில்லை?

ஒரே ஒரு ஆள் மீதான கிரிமினல் வழக்கை விசாரிக்க, தற்காலிகமாக ஒரு கட்டடத்தையே எழுப்ப வேண்டி வருமா? ஜெர்மனியின் மக்டபுர்க் நகரத்தில் வந்தது.

2024 டிசம்பர் 20-ம் தேதி அந்த ஊர் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒருவர் காரை ஓட்டி, கூட்டத்தில் இருந்தவர்கள் மீது மோதிக்கொண்டே போனார். 9 வயது சிறுவன் உட்பட 6 பேர் உயிரிழந்தனர். 300-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வழக்கு விசாரணை 2025 நவம்பர் 10-ம் தேதி தொடங்கியது. ஊரில் ஏற்கெனவே இருந்த கோர்ட் ஹால் எதுவும் இந்த வழக்குக்குப் போதவில்லை. காரணம், காயமடைந்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தினரும் பார்வையாளர்களாக மட்டும் வரவில்லை. வழக்கில் ஒரு தரப்பாகவே, தங்கள் வக்கீல்களோடு உள்ளே உட்கார வந்தார்கள். அப்படி வந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

நம்ம ஊர் கோர்ட்டில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் ஏறி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்குபவர்தான். ஜெர்மனியில் கதை வேறு. அங்கே 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்கு ஒரு சொல் இல்லை, நான்கு இருக்கின்றன. எந்தச் சொல் உங்களுக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் கேள்வி கேட்க முடியுமா, வாய்மூடி உட்கார வேண்டுமா, நஷ்டஈடு வருமா என்பதெல்லாம். அந்தச் சொல்லே கிடைக்காமல் 11 வருஷம் காத்திருந்த குடும்பங்களும் உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன்னால் சொற்களைப் பார்த்துவிடலாம்.

நான்கு சொற்கள்

முதலாவது, 'கெஷேடிக்டர்'. 'ஷாடென்' என்றால் சேதம், நஷ்டம். அதிலிருந்து வந்த சொல் இது: சேதத்துக்கு உள்ளானவர் என்று அர்த்தம். பெண் என்றால் 'கெஷேடிக்டே'. போலீஸ் கடிதம், இன்சூரன்ஸ் பாரம், தீர்ப்பு என எதை எடுத்தாலும் இந்தச் சொல் இருக்கும். சைக்கிள் திருடு போனவரும் கெஷேடிக்டர்தான், கத்திக்குத்து வாங்கியவரும் கெஷேடிக்டர்தான். உணர்ச்சியே இல்லாத சொல். அப்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே அதைப் புழங்குகிறார்கள்.

இரண்டாவது, 'ஃபெர்லெட்ஸ்டர்'. நேர் அர்த்தம் காயம்பட்டவர். ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எழுத்தில் வைத்திருக்கும் சொல் இதுதான். உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உரிமை மீறப்பட்டிருந்தாலே போதும்.

மூன்றாவது, 'ஓப்ஃபர்'. பத்திரிகையும் டிவியும் மக்களும் பேசும் சொல். இதற்குச் சரியான ஜோடி தமிழில் இருக்கிறது: 'பலி'. சாமிக்குக் கொடுப்பதும் பலி, 'விபத்தில் 3 பேர் பலி' என்று நாங்கள் ஸ்க்ரோலிங்கில் தினமும் போடுவதும் பலி. ஓப்ஃபரும் அப்படித்தான், காணிக்கை என்ற அர்த்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, ஜெர்மன் பள்ளிப் பசங்க ஒருத்தனை மட்டம் தட்ட 'டூ ஓப்ஃபர்' என்பார்கள். 'நீ ஒரு ஏமாளி, சோப்ளாங்கி' என்கிற தொனி. பாதிக்கப்பட்ட பலருக்கு இந்தச் சொல்லே பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

வக்கீல்களுக்கு இதில் வேறொரு சங்கடம். விசாரணை முடியும் முன்பே ஒருவரை ஓப்ஃபர் என்று அழைத்தால், குற்றம் நடந்தது, செய்தவர் இவர்தான் என்று பாதி தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடுகிறதே? அதனால்தான் கோர்ட்டில் கெஷேடிக்டர் என்ற வறண்ட சொல்லுக்கு மதிப்பு.

இதே சிக்கல் சட்டம் எழுதுபவர்களுக்கும் இருந்தது. ஃபெர்லெட்ஸ்டர் என்ற சொல்லை சட்டம் பல காலமாகப் பயன்படுத்தி வந்தாலும், அதற்கென்று பொதுவான ஒரு வரையறை இல்லை. 2021 ஜூலையில் அமலுக்கு வந்த திருத்தம் 373பி என்ற பிரிவைச் சேர்த்தது. குற்றம் நடந்ததாக வைத்துக்கொண்டால், அல்லது நடந்தது என்று இறுதித் தீர்ப்பே உறுதி செய்திருந்தால், அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லது நேரடியாக நஷ்டப்பட்டவர் யாரோ அவரே ஃபெர்லெட்ஸ்டர் என்கிறது அது. 'வைத்துக்கொண்டால்' என்ற சொல்லை கவனியுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதே நேரம் குற்றம் சாட்டப்பட்டவரை முன்கூட்டியே குற்றவாளி ஆக்கவும் வேண்டாம். அந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டையும் சமாளித்திருக்கிறார்கள். கொலை வழக்குகளில் கணவன், மனைவி, துணையாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் ஆகியோரும் இந்தப் பெயருக்குள் வருவார்கள்.

நான்காவது சொல்தான் மக்டபுர்க்கில் ஹால் போதாமல் போனதற்குக் காரணம்: 'நேபென்கிளேகர்'. பக்கத்தில் நின்று வழக்காடுபவர், அதாவது துணை வழக்காளர்.

துணை வழக்காளர் என்னவெல்லாம் செய்யலாம்?

கொலை, கொலை முயற்சி, பாலியல் குற்றம், உடல் காயம் போன்ற வழக்குகளில், அரசு வழக்கறிஞரோடு சேர்ந்து பாதிக்கப்பட்டவரும் வழக்கில் இணைந்துகொள்ளலாம். இணைந்துவிட்டால், சாட்சி என்பதற்காக அவரை ஹாலுக்கு வெளியே நிறுத்த முடியாது. எல்லா நாளும் உள்ளே இருக்கலாம். சாட்சிகளையும் நிபுணர்களையும் கேள்வி கேட்கலாம், குற்றம் சாட்டப்பட்டவரையே கேட்கலாம். புதிய ஆதாரத்தைப் பரிசீலிக்கச் சொல்லி மனு போடலாம். நீதிபதி பாரபட்சமாக நடக்கிறார் என்று தோன்றினால் அவரை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். கடைசியில் இறுதி வாதமும் செய்யலாம். கொலையானவரின் நெருங்கிய குடும்பத்தினருக்கும், கடுமையான பாலியல் குற்றங்களுக்கு உள்ளானவர்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசு செலவிலேயே வக்கீல் கிடைப்பார்.

ஒன்றே ஒன்று முடியாது. 'தண்டனை குறைவு, கூட்டிக் கொடுங்கள்' என்பதற்காக மட்டும் அப்பீல் போக முடியாது. தண்டனையின் அளவு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான விஷயம் என்பது ஜெர்மன் சட்டத்தின் நிலைப்பாடு. இது நியாயமா என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. ஆனால் பழிவாங்கும் வேகத்தைக் கோர்ட்டுக்கு வெளியே வைக்க ஒரு கோடு தேவை என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

திருட்டு, சாதாரண மோசடி வழக்குகளில் பொதுவாக இந்த உரிமை இல்லை. அங்கே நீங்கள் வெறும் கெஷேடிக்டர். போன பணத்தை அதே கிரிமினல் கோர்ட்டிலேயே கேட்டு மனு போடலாம், அவ்வளவுதான்.

11 வருஷம் கிடைக்காத பெயர்

என்வர் ஷிம்ஷெக், துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வந்து பூ வியாபாரம் செய்தவர். 2000 செப்டம்பர் 9-ம் தேதி நியூரம்பெர்க்கில் அவரது பூ வேனுக்குள் வைத்தே சுடப்பட்டார். இரண்டு நாளில் இறந்துபோனார். அவரது மகள் செமியாவுக்கு அப்போது 14 வயது.

போலீஸ் எங்கே தேடியது தெரியுமா? குடும்பத்துக்குள். போதைப்பொருள் கடத்தினாரா, மாஃபியா தொடர்பா, வீட்டில் தகராறா என்று துருவினார்கள். ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டி, 'உங்கள் கணவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது' என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்கள். அது பொய். அவர் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று பார்க்கச் செய்தது.

2000-க்கும் 2006-க்கும் இடையே இதே துப்பாக்கியால் துருக்கிய வேர்கள் கொண்ட 8 பேரும் கிரேக்கத்தைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டார்கள். ஜெர்மன் ஊடகங்கள் அதற்கு வைத்த பெயர் 'டோனர் கொலைகள்'. டோனர் என்பது ரொட்டியில் இறைச்சி வைத்துத் தரும் துருக்கிய உணவு. கொல்லப்பட்ட மனிதர்களை ஒரு தீனியின் பெயரில் சுருக்கினார்கள். 2011-ன் மிக மோசமான சொல்லாக அதை அந்த நாட்டு மொழி நிபுணர்கள் குழுவே தேர்ந்தெடுத்தது. ஊடகத்தில் இருக்கிற எங்களுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

உண்மை வெளிவந்தது 2011 நவம்பரில். கொன்றது மாஃபியா அல்ல, குடும்பத்தாரும் அல்ல. 'தேசிய சோசலிஸ்ட் தலைமறைவு' என்ற நியோ நாஜி கும்பல், சுருக்கமாக என்.எஸ்.யு. ஒரு பெண் போலீஸ் உட்பட மொத்தம் 10 பேரை இந்தக் கும்பல் கொன்றிருந்தது.

2012 பிப்ரவரி 23-ம் தேதி பெர்லினில் நடந்த அரசு அஞ்சலி நிகழ்ச்சியில், அதிபர் அங்கேலா மெர்கலும் இருந்த மேடையில், செமியா ஷிம்ஷெக் பேசினார். 11 வருஷமாக சுத்தமான மனசாட்சியோடு 'ஓப்ஃபர்' என்று இருக்கக்கூட எங்களை விடவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பரிதாபப்பட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சட்டப்படி தங்களுக்குச் சேர வேண்டிய பெயரைச் சந்தேகம் விழுங்கிவிட்டதைச் சொன்னார்.

மியூனிக் வழக்கு 2013 மே 6-ல் தொடங்கி 2018 ஜூலை 11-ல் முடிந்தது. 438 நாள் விசாரணை. பேயாட்டே செப்பேவுக்கு ஆயுள் தண்டனை. 90-க்கும் மேற்பட்டவர்கள் துணை வழக்காளர்களாக இருந்தார்கள். கொலை செய்தது யார் என்பதோடு நிற்காமல், உளவுத்துறைக்கு முன்பே என்ன தெரியும், உள்ளூரில் உதவியவர்கள் யார் என்று விடாமல் கேட்டது அவர்களது வக்கீல்கள்தான். 'அதெல்லாம் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை' என்று பல இடங்களில் அரசுத் தரப்பு தடுத்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடவில்லை. ஆனால் அவர்கள் வெறும் சாட்சிகளாக இருந்திருந்தால் அந்தக் கேள்விகள் கோர்ட் பதிவிலேயே ஏறியிருக்காது.

இல்லாத ஆளுக்குக் கிடைத்த பெயர்

இதே வழக்கில்தான் நம்ப முடியாத இன்னொரு சம்பவமும் நடந்தது. 2004 ஜூன் 9-ம் தேதி கொலோன் நகரின் கொய்ப் தெருவில், துருக்கியர்கள் கடைகள் நிறைந்த இடத்தில் ஆணி குண்டு வெடித்து 22 பேர் காயமடைந்தனர். அதுவும் என்.எஸ்.யு. வைத்த குண்டு. அதில் காயமடைந்த ஒரு பெண் என்ற பெயரில் ஒருவர் துணை வழக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார். அவருக்காக ஒரு வக்கீலும் இரண்டரை வருஷம் கோர்ட்டுக்கு வந்துபோனார். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் அந்தப் பெண் மட்டும் வரவில்லை. 2015-ல் விஷயம் உடைந்தது: அப்படி ஒரு பெண்ணே கிடையாது!

வக்கீலுக்கு அதற்குள் 2 லட்சம் யூரோவுக்கும் மேல் அரசுப் பணம் போயிருந்தது. வேறொருவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றார் அவர். மோசடி வழக்கு நடந்தது, 2020-ல் விடுதலையானார். நிஜமாகவே தந்தையை இழந்த குடும்பம் 11 வருஷம் சந்தேக வளையத்தில். இல்லாத ஒரு பெண்ணுக்கோ கோர்ட்டில் நாற்காலி. காயமடைந்தவர் என்று ஒரு மருத்துவச் சான்றும் ஒரு மனுவும் வந்தால், ஆளை நேரில் பார்க்காமலேயே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நடைமுறை இயந்திரத்தனமாக இருந்திருக்கிறது.

கார் மோதினால் அது 'விபத்தா'?

2019 அக்டோபரில் ஹாலே நகரில் யூத வழிபாட்டுத் தலத்தைத் தாக்க வந்த ஒருவர், கதவை உடைக்க முடியாமல், வெளியே இருவரைக் கொன்றார். தப்பி ஓடும்போது சோமாலியாவைச் சேர்ந்த ஒருவர் மீது காரை மோதினார். தன் நிறத்தைப் பார்த்தே மோதினார் என்றார் அவர். துணை வழக்காளராகவும் இருந்தார். ஆனால் 2020 டிசம்பர் தீர்ப்பில் அதைக் கொலை முயற்சியாகக் கோர்ட் ஏற்கவில்லை. அதே ஆள், அதே கார், அதே நாள். ஆனால் தாக்குதலுக்கு உள்ளானவராக அல்ல, சாலையில் அடிபட்டவராகத்தான் தீர்ப்பு அவரைப் பார்த்தது.

கார் என்றாலே ஜெர்மன் சட்டத்துக்குள் ஒரு குழப்பம் வந்துவிடும். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரசே நஷ்டஈடு தரும் சட்டம் அங்கே 1976 முதல் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு: தாக்கியவர் மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சட்டம் செல்லாது. வாகனத்துக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பது அந்தக் காலத்து யோசனை. 2016 டிசம்பர் 19-ம் தேதி பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரி புகுந்து 12 பேர் இறந்தபோதுதான் இந்த விதிவிலக்கு எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரிந்தது. பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களின் குடும்பங்கள், சாலை விபத்துக்கு உதவும் நிதியத்தின் கதவைத் தட்ட வேண்டி வந்தது. ஒரு வருஷம் கழித்து, இறந்தவர்களின் குடும்பத்தினர் சேர்ந்து மெர்கலுக்கு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கடுமையான கடிதம். 2024 ஜனவரியில் பழைய சட்டத்தின் இடத்துக்கு சமூகச் சட்டத் தொகுப்பின் 14-வது புத்தகம் வந்தது. வாகனத்தால் தாக்கப்பட்டவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டின் டிசம்பரில்தான் மக்டபுர்க்.

பெர்லின் கணக்கு 12-ல் நிற்கவும் இல்லை. அன்று காயமடைந்தவர்களுக்கு உதவப் போய், தானே படுகாயமடைந்த ஒருவர் 2021 அக்டோபரில் இறந்தார். 13-வது பெயராக நினைவிடத்தில் அவர் பெயரும் சேர்ந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு என்ன நஷ்டம்?

கிரிமினல் பக்கம் இப்படியென்றால், சிவில் பக்கத்தில் கெஷேடிக்டர் என்ற சொல்லை அதிகம் சோதித்தது ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி. புகைப் பரிசோதனையின்போது மட்டும் நல்லபிள்ளையாக நடிக்கும் சாஃப்ட்வேரை அந்த நிறுவனம் வைத்திருந்தது 2015-ல் வெளியானது. வாங்கியவர்கள் கேஸ் போட்டபோது கம்பெனியின் பதில்: 'உங்கள் கார் ஓடுகிறதா? ஓடுகிறது. அப்புறம் என்ன நஷ்டம்?'

2014-ல் 31,490 யூரோ கொடுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஷரான் கார் வாங்கியவரின் வழக்கில், 2020 மே 25-ம் தேதி ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் பதில் சொன்னது. கார் ஓடுகிறதா என்பது கேள்வியே இல்லை. உண்மை தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டாத ஒப்பந்தத்தில் ஒருவரை ஏமாற்றிச் சிக்கவைத்ததே சேதம். ஆகவே அவர் கெஷேடிக்டர். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்டிய கிலோமீட்டருக்கான தொகை போக, மீதியை வாங்கிக்கொள்ளலாம். சுமார் 25,600 யூரோ கிடைத்தது.

கடிதத்தில் இந்தச் சொல் வந்தால்?

ஜெர்மனியில் ஈழத் தமிழ்க் குடும்பங்களும், படிக்கவும் ஐ.டி. வேலைக்கும் போன நம்ம ஊர் பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள். போலீஸிடமிருந்து கடிதம் வந்தாலே பலருக்கும் பக்கென்று இருக்கும். அதில் உங்கள் பெயருக்கு நேரே கெஷேடிக்டர் என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் பாதிக்கப்பட்டவர் தரப்பு. 'பெஷூல்டிக்டர்' என்று இருந்தால்தான் குற்றம் சாட்டப்படுபவர். இரண்டும் பார்க்கவும் கேட்கவும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருப்பதால் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அவதூறாகத் திட்டுவது, அத்துமீறி வீட்டுக்குள் நுழைவது போன்ற சில குற்றங்களில், புகார் சொன்னால் மட்டும் போதாது. தண்டிக்கக் கோரும் தனி மனு ஒன்று வேண்டும். குற்றமும் செய்தவர் யார் என்பதும் தெரிந்த நாளிலிருந்து 3 மாதம்தான் கெடு. ஜெர்மன் தெரியாவிட்டாலும் புகார் கொடுக்கலாம், மொழி உதவி செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. துணை வழக்காளராகும் தகுதி உள்ளவருக்கு விசாரணையில் மொழிபெயர்ப்பாளரும் இலவசம்.

கார் விபத்தில் தப்பு எதிராளி மேல் என்றால் இன்னொரு விஷயம். எதிராளியின் இன்சூரன்ஸ் கம்பெனி உடனே போன் செய்து, 'நாங்களே ஆள் அனுப்பி சேதத்தை மதிப்பிடுகிறோம்' என்று இனிக்க இனிக்கப் பேசலாம். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. சேதம் ரொம்பச் சின்னதாக இல்லாத பட்சத்தில், உங்களுக்குப் பிடித்த மதிப்பீட்டாளரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், கட்டணம் அந்த கம்பெனியுடையது. வண்டியை ரிப்பேர் செய்யாமலே மதிப்பீட்டுத் தொகையைப் பணமாகக் கேட்கவும் முடியும். 2002-லிருந்து அதில் விற்பனை வரியை மட்டும் கழித்துக்கொள்கிறார்கள்.

வன்முறைக் குற்றம் என்றால் 116 006 என்ற எண்ணுக்குப் பேசலாம். 1976-ல் தொடங்கிய 'வைசர் ரிங்' என்ற அமைப்பு நடத்தும் உதவி எண் அது. கட்டணம் கிடையாது. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறீர்களா என்றுகூட அவர்கள் முதலில் கேட்க மாட்டார்கள்.